சிறகு வச்ச வெள்ளிக்காசு

ஒரு ஊர்ல ஒரு காசுக்காரர் இருந்தாரு. பணக்காரர்னு நினைச்சுக்காத. பணமெல்லாம் அவர்கிட்ட கிடையாது. காசுதான் இருந்துச்சு. நாடு நாடா காசு சேக்குறவரு. நடுவுல ஓட்டை போட்ட காசு, எட்டு மூலை வச்ச காசு, ஒட்டகம் போட்ட காசு, மீன் போட்ட காசு. கேக்குறியா?

ம்.

ம் சொல்லிக்கிட்டே இருக்கணும். ம் நின்னுச்சுன்னா நீ தூங்கிட்டேன்னு பெரியப்பா எழுந்து போயிடுவேன். சரியா?

ம்.

அவர் பேரு பூவலிங்கம். கடலோர ஊரு அது. உப்புக்காத்து பட்டு எல்லார் வீட்டுக் கதவும் துருப்பிடிச்சு கிரீச் கிரீச்னு அழும். அவருக்கு போஸ்ட் ஆபீஸ்ல முத்திரை குத்துற வேலை. தட் தட், தட் தட்னு நாள் பூரா குத்துவாரு. ஊரே அவரை போஸ்ட் ஆபீஸ் சார்னுதான் கூப்பிடும். கல்யாணம் பண்ணிக்கல. ஏன் சார்னு கேட்டா, "வர்றவ என் காசையெல்லாம் புளி போட்டு விளக்கி வச்சிருவா"ம்பாரு. சிரிக்காத. அது அவருக்கு நிஜமான பயம். பழைய காசைத் தேய்க்கவே கூடாது. தேய்ச்சா அதோட முகம் போயிடும், வயசு போயிடும். காசு சேக்குறவங்களுக்கு தேய்ச்ச காசு செத்த காசு.

அப்புறம், அவர்கிட்ட மூடி வச்ச ஒரு தேக்குப் பலகை இருந்துச்சு. தச்சர்கிட்ட சொல்லி அதுல பத்துக்குப் பத்து, நூறு பள்ளம் தோண்டி, பச்சைத் துணி ஒட்டி வச்சிருந்தாரு. ஒவ்வொரு பள்ளத்துலயும் ஒரு நாட்டுக் காசு. தொண்ணூத்தொம்பது நிறைஞ்சு போச்சு. ஒண்ணே ஒண்ணு காலி. தினமும் வேலை முடிஞ்சு வந்து மூடியைத் திறப்பாரு. தொண்ணூத்தொம்பதும் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் காலிப் பள்ளம்தான் தெரியும். உனக்குப் போன மாசம் பல்லு விழுந்துச்சே, நாக்கு அங்கயே போய்ப் போய் நின்னுச்சே, அந்த மாதிரி.

அந்தப் பள்ளம் அமெரிக்காவுக்கு. ஏதாவது ஒரு அமெரிக்கக் காசை வாங்கி வைக்க வேண்டியதுதானே? வெளிநாடு போய்ட்டு வந்தவங்க ரெண்டு மூணு பேரு கொண்டுவந்து கொடுக்கவும் செஞ்சாங்க. வேணாம்னுட்டாரு. ஏன்னா அதுக்குள்ள அவர் ஒரு காசைப் பாத்துட்டாரு.

எப்படிப் பாத்தாருன்னா, அந்த ஊர்ல மாசிலாமணின்னு ஒரு பெரியவர். எண்பது வயசு தாண்டிடுச்சு. சின்ன வயசுல கப்பல்ல சமையல் வேலை பாத்தவரு. ஒருநாள் முதியோர் பென்ஷன் மணியார்டர் வாங்க போஸ்ட் ஆபீஸுக்கு வந்தாரு. இடுப்புல இருந்த சுருக்குப் பையை அவிழ்க்கும்போது உள்ள இருந்து ஒரு காசு கல்லு மேல விழுந்துச்சு.

ணிங்...

பூவலிங்கம் கை அப்படியே நின்னுடுச்சு. சத்தத்துலயே தெரிஞ்சு போச்சு, வெள்ளி. எட்டிப் பாத்தாரு. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெருசு. அதுல ஒரு பொம்பளை முகம். தலையில குல்லா, குல்லாவுல சிறகு. பறக்கப் போற மாதிரி. அமெரிக்காவுல அதை டைம்னு சொல்லுவாங்க. ஒரு டாலர்ல பத்துல ஒரு பங்கு. அந்தக் காலத்து டைம், அசல் வெள்ளி.

பெரியவர் டக்குனு உள்ளங்கையால மூடிட்டாரு.

"என்ன காசு பெரியவரே அது?"

"அது உனக்கில்ல தம்பி."

அவ்வளவுதான். அன்னிக்குக் குத்துன முத்திரையில பாதிக் கடுதாசிக்குத் தேதியே விழல.

அப்புறம் பூவலிங்கம் பெரியவர் குடிசைக்கே போனாரு. வலை வைக்கிற கொட்டகைக்குப் பின்னாடி ஒத்தைக் குடிசை. "விலை சொல்லுங்க"ன்னாரு. "விலை கிடையாது"ன்னாரு பெரியவர். "வேற வெள்ளிக்காசு ரெண்டு தரேன், மாத்திக்கலாம்"னாரு. "மாத்துறதுக்கு இது என்ன பழைய துணியா?"ன்னாரு பெரியவர். திரும்பி வர்ற வழியில பூவலிங்கத்துக்கு ஒரு நினைப்பு வந்துச்சு. பெரியவருக்கு எண்பது ஆச்சு. சொந்தம்னு ஒரு ஈ காக்கா கிடையாது. இன்னும் எத்தனை நாளைக்கு?

நினைச்ச உடனே அவருக்கே சீன்னு ஆயிடுச்சு. காறித் துப்பினாரு. ஆனா அந்த நினைப்பு துப்பலோட போகல.

ம்.

அடுத்த நாள் ஒரு தூக்குச்சட்டியில கஞ்சி எடுத்துக்கிட்டுப் போனாரு. அதுக்கடுத்த நாளும் போனாரு. தினமும் போனாரு. கஞ்சி, தொட்டுக்கத் துவையல், ஒருநாள் கருவாடு. வேட்டி துவைச்சுப் போட்டாரு, கால் அமுக்கி விட்டாரு. "பெத்த பிள்ளைகூட இப்படிப் பாக்க மாட்டான்"னு ஊரே சொல்லுச்சு. அதைக் கேக்கும்போதெல்லாம் பூவலிங்கம் தலையைக் குனிஞ்சுக்குவாரு. அடக்கம்னு நினைச்சுக்கிட்டாங்க.

பெரியப்பாவுக்கு ஒண்ணு விளங்கவே மாட்டேங்குது. கஞ்சி கஞ்சிதானே? பசிச்ச வயித்துக்கு அது எதுக்காக வந்துச்சுன்னு தெரியவா போகுது? இல்ல, தெரியுமோ? சரி விடு.

வெள்ளிக்கிழமையானா பெரியவர் ஒரு வேலை பண்ணுவாரு. சுருக்குப் பையில இருந்து காசை எடுத்து, திருநீறைத் தொட்டு, சரக் சரக்னு தேய்ப்பாரு. பூவலிங்கத்துக்கு யாரோ தன் நெஞ்சுல உப்புத்தாள் வச்சுத் தேய்க்கிற மாதிரி இருக்கும்.

"ஐயோ, தேய்க்காதீங்க பெரியவரே! சிறகு அழிஞ்சிடும். காசு செத்துப் போயிடும்."

"எங்கிட்ட வரும்போது பளபளன்னு இருந்துச்சு தம்பி. திருப்பிக் கொடுக்கும்போதும் பளபளன்னு இருக்கணும்ல?"

"யாருக்குத் திருப்பிக் கொடுக்கப் போறீங்க?"

பெரியவர் காசை வேட்டியில துடைச்சுட்டு, பூவலிங்கத்தை நேராப் பாத்துக் கேட்டாரு.

"தம்பி, நீ எனக்காக வர்றியா, காசுக்காக வர்றியா?"

"என்ன பெரியவரே இப்படிக் கேக்குறீங்க? உங்களுக்காகத்தான்."

அது முதல் தடவை.

அப்புறம் ஐப்பசி மழை வந்துச்சு. சளசளன்னு பத்து நாள் விடாம. குடிசை ஒழுகுச்சு. பெரியவருக்குக் காய்ச்சல். லொக் லொக், லொக் லொக்னு இருமல். பூவலிங்கம் லீவு போட்டுட்டு அங்கயே கிடந்தாரு. சுக்கு தட்டிக் கொடுத்தாரு, ஈரத்துணி போட்டாரு. மூணாம் நாள், சாயங்காலம், இருமல் திடீர்னு நின்னு போச்சு. மூச்சும் கேக்கல. நெஞ்சு ஏறல, இறங்கல.

அப்போ பூவலிங்கம் கை முன்னாடி போச்சு. எங்க போகணும் சொல்லு? மூச்சு இருக்கான்னு பாக்க மூக்குக்கிட்டதானே போகணும்?

ம்.

அது சுருக்குப் பைக்குப் போச்சு.

முடிச்சுல விரல் பட்டதும் பெரியவர் கண்ணைத் திறந்தாரு. கை எங்க இருக்குன்னு பாத்தாரு. கோபப்படல. மெதுவாத்தான் கேட்டாரு.

"தம்பி, எனக்காக வர்றியா, காசுக்காக வர்றியா?"

"உங்களுக்காகத்தான் பெரியவரே. வேட்டி இறுக்கமா இருந்துச்சு, தளத்தி விடலாம்னு..."

அது ரெண்டாவது தடவை. வெளிய வந்து மழையில நின்னு கையை அலம்பினாரு. வாளி வாளியா தண்ணி கொட்டுற மழை. அப்பவும் அலம்புன மாதிரி இல்ல அவருக்கு.

பெரியவர் பிழைச்சுக்கிட்டாரு. பிழைச்சது பூவலிங்கத்துக்கு சந்தோஷமா, இல்ல ஏமாத்தமா? அவரைக் கேட்டா அவருக்கே தெரிஞ்சிருக்காது. ஏன்னா அதுக்குள்ள ஒரு கூத்து ஆகிப்போச்சு. சாயங்காலம் ஆனா அவருக்குக் குடிசைக்குப் போகணும்போல இருக்கும். பெரியவர் சொல்ற கப்பல் கதை, கடல்ல மிதக்குற பனிமலை, உப்புக் குறைஞ்சதுக்குத் தட்டை விட்டெறிஞ்ச கேப்டன், அதெல்லாம் கேக்கணும். சில நாள் காசு ஞாபகமே வராது. திரும்பி வரும்போதுதான் வரும். அட, இன்னிக்கு அதைப் பாக்கவே இல்லையேன்னு.

மாசி மாசம் பெரியவர் கஞ்சியைத் தள்ளி வச்சிட்டாரு. "போதும் தம்பி"ன்னாரு. மூணு நாளா தண்ணி மட்டும்தான். நாலாம் நாள் காலையில பூவலிங்கம் போனப்போ பக்கத்துல உக்காரச் சொல்லிக் கையைப் பிடிச்சுக்கிட்டாரு.

"கடைசியாக் கேக்குறேன் தம்பி. எனக்காக வர்றியா, காசுக்காக வர்றியா?"

"உங்களுக்காகத்தான்."

இந்தத் தடவை அது பொய்யா நிஜமான்னு சொன்னவருக்கே தெரியல. பெரியவர் நம்பிட்டாரு. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அப்போ அந்தக் கதையைச் சொன்னாரு.

"யுத்தக் காலம் தம்பி. எங்க கப்பல் மூழ்கிப் போச்சு. சின்னப் படகுல ஏழு பேரு தப்பிச்சோம். அதுல ஒருத்தன் அமெரிக்காக்காரன். மீசைகூட ஒழுங்கா முளைக்கல. நான் சமையல்காரன், தண்ணி டின்னு என் பொறுப்பு. ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு மூடி. அஞ்சாம் நாள் அவன் தன் பங்கைக் குடிச்சுட்டு இன்னொரு மூடி கேட்டான். அவன் பாஷை எனக்குத் தெரியாது. இந்தக் காசை என் உள்ளங்கையில வச்சான். வாயைத் தொட்டுக் காட்டினான். நான் காசை வாங்கிக்கிட்டேன். நாளைக்குன்னு கையைக் காட்டினேன்."

"அப்புறம்?"

"நாளைக்கு அவன் இல்ல."

வெளிய அலை மட்டும் ஓ... ஓ...னு.

"தண்ணி கொடுக்காதது தப்பில்ல தம்பி. கொடுத்திருந்தா மத்தவனுக்குக் குறைஞ்சிருக்கும். ஆனா காசை ஏன் வாங்கினேன்? வாங்கிக் கையை மூடிக்கிட்டேனே, அது ஏன்? அறுபது வருஷமா யோசிக்கிறேன். தெரியல. நான் அங்க போகும்போது அவன் கையை நீட்டிக்கிட்டு நிப்பான். அதுல வைக்கணும். நான் போனதும் இந்தக் காசை என் நெத்தியில வச்சு அனுப்பு. உன் கையால வை."

"வைக்கிறேன் பெரியவரே."

மத்தியானம் ஆகுறதுக்குள்ள பெரியவர் போயிட்டாரு. இந்தத் தடவை நிஜமாவே.

ம் சொல்லு. பயமா இருக்கா? நிறுத்திடவா?

ம்ஹூம்.

சரி. நம்ம பக்கம் ஒரு வழக்கம் இருக்கு. செத்தவங்க நெத்தியில சந்தனம் வச்சு ஒரு காசை ஒட்டுவாங்க. குழிக்குள்ள இறக்குறதுக்கு முன்னாடி அந்தக் காசை எடுத்துக்கிறது குழி வெட்டுறவரோட பாத்தியதை. யாரும் கேக்கக் கூடாது. பூவலிங்கம் பெரியவரைக் குளிப்பாட்டி, சந்தனத்தை அப்பி, சுருக்குப் பையில இருந்து காசை எடுத்து நெத்தியில வச்சாரு. சொன்ன சொல்லுப்படி வச்சுட்டாரு பாரு.

அப்போதான் அந்த வழக்கம் ஞாபகத்துக்கு வந்துச்சு. அந்த ஊர் சுடுகாட்டுல குழி வெட்டுறவரு மாயாண்டி. முப்பது வயசு ஆளு. இப்போ வந்து இந்தக் காசை எடுத்துக்கப் போறான். எடுத்து எவன்கிட்டயாவது விப்பான், அவன் அதை உருக்கி மெட்டி பண்ணுவான். எப்படியும் இது பெரியவரோட போகப் போறதில்ல. அப்போ அது எங்க இருந்தா என்ன? என் பலகையில இருந்தா பத்திரமாவாவது இருக்கும்னு நினைச்சாரு.

நியாயமாத்தான் இருக்குல்ல? கணக்கு சரியா வர்ற நியாயம். அந்த மாதிரி நியாயம் வந்தாத்தான் பயப்படணும்.

வெளிய ஆள் வர்ற சத்தம் கேட்டுச்சு, தொப் தொப்னு. பூவலிங்கம் நகத்தால காசைப் பேத்து எடுத்தாரு. சந்தனத்துல சின்னதா ஒரு வட்டம் அப்படியே நின்னுச்சு. சட்டைப் பையைத் துழாவி ஒரு ரூபாக் காசை எடுத்து அந்த இடத்துல ஒட்டினாரு. ரூபாக் காசு பெருசு. வட்டத்தை மூடிருச்சு.

சுடுகாட்டுல மாயாண்டி குழிக்குப் பக்கத்துல நின்னாரு. பெரியவரைக் கீழ வச்சாங்க. மாயாண்டி குனிஞ்சு நெத்தியைப் பாத்தாரு. பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் ரூபாயைப் பேத்து எடுத்தாரு. அடியில அந்தச் சின்ன வட்டம் தெரிஞ்சுச்சு.

"சார், சிறகு வச்ச பொம்பளை எங்க?"

"என்னது?"

"பெரியவர் போன வருஷமே எங்கிட்ட வந்து சொல்லிட்டாரு சார். மாயாண்டி, என் நெத்தியில சிறகு வச்ச காசு வரும், அதை மட்டும் எடுத்துடாத, எங்கூட விட்டுடு, அங்க ஒரு பையனுக்குத் திருப்பிக் கொடுக்கணும்னு. சரி தாத்தா, என் பாத்தியதையை விட்டுக் கொடுத்தேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். எங்க சார் அது?"

எல்லாரும் பூவலிங்கத்தைப் பாத்தாங்க. காசு அவர் சட்டைப் பையில இருக்கு. நெஞ்சுக்கு நேரா. ஒரு இலை கனம்கூட இருக்காது. அவருக்கு அம்மிக்கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருந்துச்சு. அந்த நிமிஷத்துல எடுத்து நீட்டியிருக்கலாம். மறந்துட்டேன்னு சொல்லி நீட்டியிருந்தாக்கூட யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க.

"எனக்குத் தெரியாது மாயாண்டி"ன்னாரு.

மாயாண்டி ரூபாயை மடியில கட்டிக்கிட்டாரு. "அப்போ வெறும் நெத்தியோடதான் போறாரு"ன்னு சொல்லிட்டு மண்ணைத் தள்ள ஆரம்பிச்சாரு. தொம்... தொம்... தொம்...

வீட்டுக்கு வந்து பூவலிங்கம் பலகையைத் திறந்தாரு. நூறாவது பள்ளம். காசை வச்சாரு. டக். பொருத்தமா உக்காந்துச்சு. அப்புறம் சந்தோஷம் வரும்னு காத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. விளக்கேத்துற நேரம் ஆச்சு. வரல. அலை சத்தம்தான் வந்துச்சு.

கொஞ்ச நாள்ல உப்புக்காத்து பட்டுக் காசு கறுத்துப் போச்சு. முதல்ல சிறகு, அப்புறம் முகம். பள்ளத்துல காசு இருக்கு. ஆனா பாத்தா காலியா இருக்கிற மாதிரியே இருக்கு. முன்னாடி காலியா இருந்ததைவிட மோசமான காலி.

தாங்க முடியல அவருக்கு. ஒருநாள் காசைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கிட்டு சுடுகாட்டுக்கே போனாரு. மாயாண்டி வேப்ப மரத்தடியில பீடி பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. பூவலிங்கம் பொட்டலத்தைப் பிரிச்சுக் காட்டினாரு. மாயாண்டி ஆச்சரியப்படல.

"கறுத்துப் போச்சே சார்."

"குழியைத் தோண்டு மாயாண்டி. வச்சிடலாம்."

"மூடின குழியைத் தோண்டக் கூடாது சார்."

"மேல மண்ணுலயாவது புதைச்சுட்டுப் போறேன்."

"மண்ணுல வச்சா மண்ணுக்குத்தான். போய்ச் சேரணும்னா நெத்தி வேணும் சார். அங்க போற நெத்தி."

"நெத்திக்கு நான் எங்க போவேன்?"

மாயாண்டி பீடியைத் தேய்ச்சு அணைச்சாரு. தலையை நிமித்தி பூவலிங்கத்தோட நெத்தியைப் பாத்தாரு.

"அவசரம் ஒண்ணும் இல்ல சார். நீங்களும் ஒருநாள் இங்கதானே வரப் போறீங்க? அதுவரைக்கும் பத்திரமா வச்சிருங்க."

மிரட்டுற மாதிரி சொல்லல. நாளைக்கு மழை வரும்னு சொல்ற மாதிரிதான் சொன்னாரு.

ம்... கேக்குறியா? தூங்கிட்டியா?

...ம்.

அப்புறம் வருஷம் ஓடுச்சு. டீக்கடையில பாத்தா மாயாண்டி கேப்பாரு, "சார், அது இருக்கா?" "இருக்கு மாயாண்டி." கோயில் கொடைத் திருவிழாவுல பாத்தா, "சார், அது இருக்கா?" "இருக்கு, இருக்கு." கூட நிக்கிறவங்க என்னமோ விதை நெல்லைப் பத்திக் கேக்குறாருன்னு நினைச்சுக்குவாங்க. ஒரு தடவை பூவலிங்கத்துக்குக் கோபம் வந்து, "எப்போ சாவேன்னு பாத்துக்கிட்டே இருக்கியா?"ன்னு கேட்டுட்டாரு. மாயாண்டி டீயை ஊதிக்கிட்டே, "பெரியவருக்கு நீங்க பாக்கலையா சார்?"னாரு. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

அதுக்கப்புறம் வந்த வெள்ளிக்கிழமை பூவலிங்கம் ஒரு காரியம் பண்ணாரு. தன் வாழ்க்கையிலேயே பண்ணாத காரியம். திருநீறை எடுத்தாரு. அந்தக் கறுத்த காசை எடுத்தாரு. சரக் சரக்னு தேய்ச்சாரு. கறுப்பு போச்சு. முகம் வந்துச்சு. பளபளன்னு ஆச்சு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை தேய்ச்சாரு. பதினெட்டு வருஷம். சிறகு அழிஞ்சுது. மூக்கு அழிஞ்சுது. அவர் பாஷையில சொல்லணும்னா காசைக் கொன்னுட்டாரு. ஆனா பளபளன்னு இருந்துச்சு.

இன்னொரு பழக்கமும் வந்துடுச்சு. கட்டில்ல மல்லாந்து படுத்து, காசை எடுத்துத் தன் நெத்தியில தானே வச்சுப் பாப்பாரு. நிக்குதான்னு. அசையாமக் கிடந்தா நிக்கும். மூச்சு பெருசா விட்டா நழுவிக் காது பக்கம் விழுந்துடும். திரும்ப வைப்பாரு. அவரை வந்து பாக்கிறதுக்கு யாரு இருக்கா? நெத்தியில காசு வைக்கிறதுக்கு யாரு இருக்கா? நூறு நாட்டுக் காசு இருக்கு. வைக்க ஒரு கை இல்ல.

ம்?

சரி, தூங்கிட்ட போல. பெரியப்பா எழுந்து போயிடுவேன்னு சொன்னேன்ல? இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. ஆரம்பிச்சதை யாருக்காவது சொல்லி முடிக்கணும்.

பூவலிங்கம் படுத்த படுக்கையாயிட்டாரு. ஒருநாள் வாசல் கதவு கிரீச்னுச்சு. யாருன்னு பாத்தா மாயாண்டி. அவருக்கும் தலை நரைச்சுப் போச்சு. கையில தூக்குச்சட்டி. உள்ள கஞ்சி. அடுத்த நாளும் வந்தாரு. அதுக்கடுத்த நாளும் வந்தாரு. வேட்டி துவைச்சுப் போட்டாரு. கால் அமுக்கி விட்டாரு. பூவலிங்கம் ஒரு வாரம் கஞ்சியைக் குடிச்சாரு. தொண்டைக்குள்ள ஒரு கேள்வி நிக்குது. கஞ்சி இறங்குது, அது இறங்க மாட்டேங்குது. எட்டாம் நாள் கேட்டுட்டாரு.

"மாயாண்டி, நீ எனக்காக வர்றியா, காசுக்காக வர்றியா?"

மாயாண்டி யோசிக்கவே இல்ல. கஞ்சியைக் கரண்டியால கிண்டிக்கிட்டே சொன்னாரு.

"காசுக்காகத்தான் சார்."

பூவலிங்கம் சிரிச்சாரு. சிரிப்பு இருமலாச்சு, லொக் லொக்னு, இருமல் அழுகையாச்சு. "இவ்வளவுதானா? இதைத்தான் நான் சொல்லியிருக்கணுமா? மூணு தடவை கேட்டாரே மாயாண்டி... மூணு தடவை..."

"பெரியவருக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்ல சார். காசைப் பாக்காம விட முடியாது. வேற யாராவது எடுத்துட்டா? கஞ்சி ஆறுது, வாயைத் திறங்க."

வாயைத் திறந்தாரு. அந்தக் கஞ்சி மாதிரி ஒரு கஞ்சி அவர் குடிச்சதே இல்ல. அப்படித்தான் நான் நினைக்கிறேன்.

பத்து நாள் கழிச்சு அவரும் போயிட்டாரு. மாயாண்டியே குளிப்பாட்டி, மாயாண்டியே சந்தனம் வச்சு, பலகையில இருந்து நூறாவது காசை எடுத்து நெத்தியில ஒட்டினாரு. மத்த தொண்ணூத்தொம்பதை அவர் திரும்பிக்கூடப் பாக்கல. குழிக்குள்ள இறக்குனப்போ காசை எடுக்கல. குனிஞ்சு காதுக்குள்ள சொன்னாரு. "சார், பெரியவர்கிட்ட கொடுத்துடுங்க. அந்தப் பையன்கிட்ட அவர் கொடுத்துக்குவாரு." அப்புறம் மண்ணைத் தள்ளினாரு.

தொம்... தொம்... தொம்...

கொடுத்தாரான்னு நீ கேட்டிருப்ப. நல்லவேளை தூங்கிட்ட. எனக்குத் தெரியலடா தங்கம். பெரியவர் கையை நீட்டினாரோ, இல்ல மூணு தடவை பொய் சொன்னவன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டாரோ. முகமே அழிஞ்ச காசை அந்தப் பையனுக்கு அடையாளம் தெரிஞ்சுச்சோ என்னவோ. இந்த எண்பது வருஷத்துல அவன் தண்ணித் தாகம் தீந்துச்சோ என்னவோ. போனவங்க யாரும் வந்து சொல்லல.

அசையாமப் படுத்திருக்க. நெத்தி லேசா வேர்த்திருக்கு. இது என் கைதான், பயப்படாத. வெறும் கைதான்.

காசு போய்ச் சேர்ந்துச்சோ இல்லையோ, கதை வந்து சேர்ந்துடுச்சு. தூங்கு.